ஆங்கிலச் சொல் யாருக்குக் கடினம்? மட்டக்களப்பு வாவிக்கரையில் பொருள், ஒலிப்பு, படிநிலை

1. கேள்வி

தமிழ் மாணவர் ஆங்கிலச் சொற்களைக் குறித்துவைக்கும் கொப்பியில் வழக்கமாக மூன்று நிரல்கள் இருக்கும். முதலாவதில் ஆங்கில எழுத்தில் சொல், இரண்டாவதில் அதன் ஒலிப்பு தமிழ் எழுத்தில், மூன்றாவதில் தமிழ்ப் பொருள். கடைகளில் விற்கும் சொற்களஞ்சியக் கையேடுகளும் ரியூஷன் வகுப்புகளில் கொடுக்கப்படும் தாள்களும் இந்த அமைப்பைத்தான் பின்பற்றுகின்றன. பிற்காலத்தில் நான்காவது நிரல் ஒன்றும் சேர்ந்தது. அது சொல்லின் படிநிலையைக் காட்டுவது. தொடக்கநிலை, இடைநிலை, உயர்நிலை என்றோ, ஐரோப்பிய வழக்கப்படி ஏ1 முதல் சி2 வரை என்றோ ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தரம் இடப்படுகிறது.

இந்த நான்காவது நிரல் எதை அளக்கிறது என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. சொல் எத்தனை தடவை வழங்குகிறது என்பதே அளவு என்று ஒரு சாரார் கொள்வர். சொல்லின் நீளம், எழுத்துக்கூட்டல், ஒலியமைப்பு, பல பொருள் உடைமை போன்ற உள்ளியல்புகளே அளவு என்பது இன்னொரு சாரார் கொள்கை. இரண்டிலும் கற்பவர் யார், அவர் வீட்டில் என்ன பேசுகிறார் என்பது பின்னுக்குத் தள்ளப்படுகிறது. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும், அதாவது எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வழங்கும் தமிழை முன்னால் வைத்துப் பார்த்தால், ஆங்கிலச் சொல்லின் கடினம் அந்தச் சொல்லுக்குள் மட்டும் இல்லை என்பது தெரியவரும். ஒலிப்பு நிரல், பொருள் நிரல், படிநிலை என்ற வரிசையில் அதைச் சோதிப்பதற்கு முன், ஆங்கிலம் இப்பகுதிக்கு வந்த வழியைச் சுருக்கமாகக் காண்பது தேவை.

2. ஆங்கிலம் வந்த வழி

ஆங்கிலம் மட்டக்களப்புக்கு வந்த முதல் ஐரோப்பிய மொழி அல்ல. போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவில் கோட்டை கட்டினர். 1638இல் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. ஆங்கிலேயர் வந்தது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். அதற்குள் அலுமாரி, சப்பாத்து, வாங்கு, பாண், கந்தோர் போன்ற சொற்கள் ஊர்ப்பேச்சில் வேரூன்றிவிட்டன. ஐரோப்பியக் கலப்பு வழியினரான மட்டக்களப்புப் பறங்கியர் சிலரின் வீடுகளில் போர்த்துக்கேயக் கலப்புமொழி 20ஆம் நூற்றாண்டிலும் வாழ்ந்தது. 1970களில் மொழியியலாளர் இயன் சிமித் அதன் ஒலியமைப்பை ஆராய்ந்தார். இந்த முன்வரலாறு இன்றைய ஆங்கில வகுப்பையும் தொடுகிறது என்பதைக் கட்டுரையின் பிற்பகுதி காட்டும்.

முறையான ஆங்கிலக் கல்வி 1814இல் வந்த வெஸ்லியன் மிஷனரி வில்லியம் ஓல்ட்டுடன் தொடங்குகிறது. அடுத்த ஆண்டே அவர் மட்டக்களப்பில் இறந்துபோனார். ஆயினும் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை அவரிடமே காண்கிறது. 1895 முதல் பிரெஞ்சு இயேசுசபைத் துறவியரும், இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்க இயேசுசபையினரும் புனித மிக்கேல் கல்லூரியை நடத்தினர். ஆங்கிலப் பாடசாலைகளில் கட்டணம் உண்டு. சுயமொழிப் பாடசாலையில் படித்த பெரும்பான்மைக்கு ஆங்கிலம் எட்டாத பொருளாகவே இருந்தது. 1945இன் இலவசக் கல்வியும் அதைத் தொடர்ந்து படிப்படியாக வந்த தாய்மொழிமூலக் கல்வியும் இந்த நிலையைத் தலைகீழாக்கின. எல்லாரும் தமிழில் படித்தனர், ஆங்கிலம் எல்லாருக்கும் ஒரு பாடமாயிற்று. சொற்பட்டியல் கொப்பிக்குத் தேவை பிறந்தது இந்தக் கட்டத்தில்தான். ஆங்கிலமூலத்தில் படித்த தலைமுறைக்குத் தமிழ் எழுத்தில் ஒலிப்பு எழுதிவைக்க வேண்டியிருக்கவில்லை.

3. ஒலிப்பு நிரல்

ஆங்கில ஒலியைத் தமிழ் எழுத்தில் எழுதுவதற்கு ஒரே முறை இல்லை. குறைந்தது இரண்டு உண்டு. தமிழ்நாட்டில் டாக்டர், காலேஜ், டாலர், அக்டோபர் என்று எழுதுவதை இலங்கையில் டொக்டர், கொலிஜ், டொலர், ஒக்டோபர் என்று எழுதுவர். ஒரே ஆங்கில உயிரைத் தமிழ்நாடு ஆகாரமாகவும் இலங்கை ஒகரமாகவும் கேட்டிருக்கிறது. பிரித்தானிய ஒலிப்பை ஒப்பிட்டால் இலங்கை வழக்கே அதற்கு நெருக்கம். அமெரிக்க ஒலிப்பை வைத்துப் பார்த்தால் தமிழ்நாட்டு வழக்குக்கு நெருக்கம் கூடும். சென்னையில் அச்சான கையேட்டை மட்டக்களப்பு மாணவர் பயன்படுத்தும்போது ஒலிப்பு நிரல் ஓர் ஆங்கிலத்தையும் ஆசிரியர் வாய் இன்னோர் ஆங்கிலத்தையும் சொல்கின்றன. இரண்டும் பிழையல்ல என்பதுதான் மாணவரைக் குழப்புகிறது.

இன்னும் நுட்பமான வேறுபாடு ஆங்கில 'ரி' எழுத்தின், தமிழ்நாட்டு வழக்கில் 'டீ' எழுத்தின், ஒலியில் உள்ளது. அவ்வொலி நுனிநா மேற்பல்லின் பின்னுள்ள அண்பல்லைத் தொடுவதால் பிறக்கிறது. தமிழின் டகரம் நாவை மடித்து அண்ணத்தைத் தொடும் ஒலி. ஆகவே டகரம் ஆங்கில ஒலிக்குச் சரியான ஈடு அல்ல. தமிழில் அதற்கு உரிய இடத்தில் பிறக்கும் ஒலி இரட்டை றகரம். காற்று, வெற்றி போன்ற சொற்களை ஈழத்தவர் உச்சரிக்கும்போது அந்த அண்பல் வெடிப்பொலி தெளிவாகக் கேட்கும். தமிழ்நாட்டில் பெரும்பாலும் அதனோடு ஓர் ரகரச் சாயல் சேர்ந்துவிடுகிறது. மீற்றர், பற்றறி, யுனிற் என்று இலங்கையில் எழுதியது இதனால்தான். சொல்லின் முதலில் றகரம் வரக்கூடாது என்ற மரபு குறுக்கே நின்றதால் அங்கே ரகரம் அமர்ந்தது. ரெலிபோன், ரீச்சர், ரிக்கற் என்ற வடிவங்கள் அப்படி வந்தவை. பேச்சுத் தமிழ்களுள் மட்டக்களப்புத் தமிழே எழுத்துத் தமிழுக்கு மிக நெருக்கமானது என்று மொழியியலாளர் கமில் சுவெலபில் குறித்தார். பழைய ஒலிகளைக் கைவிடாமல் வைத்திருக்கும் இந்த இயல்பு ஆங்கிலம் கற்பவருக்கு எதிர்பாராத முதலாகிறது. நாக்கு ஏற்கெனவே பழகிய இடத்திலேயே ஆங்கில ஒலி பிறக்கிறது.

ஆனால் எழுத்துமுறை அந்த முதலைச் சரியாகப் பயன்படுத்தவில்லை. ரகரம் ஆங்கிலத்தின் 'ரி', 'ஆர்' என்ற இரு எழுத்துகளின் ஒலிக்கும் நின்றதால் 'ரைம்' என்று எழுதினால் அது நேரமா, செய்யுளின் இயைபா என்பதை இடம்நோக்கித்தான் அறிய வேண்டும். தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியும் திரைப்படமும் வீட்டுக்குள் வந்தபின் இளையோர் டீச்சர், டைம் என்று எழுதத் தொடங்கினர். அதனால் தெளிவு கூடியது. நாவின் இடமோ விலகிப்போனது. எழுத்தில் கிடைத்த ஆதாயத்துக்கு ஒலியில் விலை கொடுக்கப்பட்டிருக்கிறது என்றே இதைக் கொள்ள வேண்டும்.

தமிழ் எழுத்தின் பொதுவான வரம்பு இதைவிடப் பெரியது. வல்லினத்தின் ஒலிப்புடைமையை அது காட்டுவதில்லை. 'பேக்' என்று ஒலிப்பு நிரலில் எழுதினால் கைப்பை, முதுகு, பொதிகட்டுதல், போறணையில் வேகவைத்தல் என்ற நான்கு பொருளுக்குரிய நான்கு ஆங்கிலச் சொற்களும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. முழுவதும் தமிழ் எழுத்தில் அமைந்த இக்கட்டுரைக்கே அந்த நான்கையும் பொருள் சொல்லித்தான் பிரித்துக்காட்ட முடிகிறது. ஆய்த எழுத்தைப் பகரத்தோடு சேர்த்து 'ஃப' என்று எழுதுவது ஒரு குறையை நீக்கியது. மற்றவை அப்படியே நிற்கின்றன.

எல்லாத் தமிழ்ப் பிள்ளைக்கும் ஒரே ஒலிகள் கடினம் என்று சொல்லவும் முடியாது. முஸ்லிம்கள் வாழும் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் சிறுவயதிலேயே குர்ஆன் ஓதப் பழகும் பிள்ளைக்கு 'ஃப' ஒலியும், சகரத்தை அதிர்வோடு ஒலிக்கும் 'ஸீ' போன்ற ஒலியும், நாவிடைப் பல்லொலிகளும் அரபு எழுத்துகளோடு முன்னரே அறிமுகமாகின்றன. ஆங்கில வகுப்பில் அவை புதியவை அல்ல. மாறாக, 'மதர்', 'ஃபாதர்' என்ற சொற்களின் நடுவொலி எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் எளிது. 'அது', 'இதை' என்னும்போது உயிர்களுக்கு நடுவில் மென்மையாகும் தகரம் அதற்கு மிகவும் நெருங்கியது. அதே ஒலி சொல் முதலில் வரும்போதுதான் தடுமாற்றம்.

உண்மையான இடர் தனி ஒலிகளில் குறைவு, அவற்றின் சேர்க்கையில் அதிகம். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை. 'றோட்' என்பது றோட்டு ஆகிறது. தொடக்கத்தில் மெய்கள் கூடி நின்றால் 'இஸ்கூல்' என்று முன்னால் ஓர் உயிர் வந்து தாங்குகிறது. இது வெறும் உச்சரிப்புச் சிக்கல் என்று எண்ணுவது தவறு. ஆங்கிலத்தில் பன்மையும் இறந்தகாலமும் சொல்லின் கடைசி மெய்யில்தான் தங்கியிருக்கின்றன. 'மந்த்' என்பதன் பன்மையிலும் 'ஆஸ்க்' என்பதன் இறந்தகாலத்திலும் கடைசி மெய் விழுங்கப்பட்டால் இலக்கணமே காணாமற்போகிறது. மாணவர் எழுத்தில் காணும் காலப்பிழைகளில் ஒரு பகுதி இலக்கண அறியாமை அல்ல. வாயில் இல்லாத மெய் கையிலும் இல்லாமற்போனதே.

ஒலியழுத்தம் இன்னொன்று. தமிழில் அழுத்தத்தை இடம் மாற்றினால் பொருள் மாறாது. ஆங்கிலத்தில் 'ரெக்கோர்ட்' முதலசையில் அழுத்தம் பெற்றால் பெயர், இரண்டாமசையில் பெற்றால் வினை. 'போட்டோகிராஃப்' என்பதில் முதலசையில் இருக்கும் அழுத்தம் 'போட்டோகிராஃபர்' என்பதில் இரண்டாமசைக்குத் தாவுகிறது. அழுத்தமற்ற அசைகளின் உயிர்கள் தேய்ந்துவிடும். ஒவ்வொரு அசைக்கும் சம மதிப்புக் கொடுக்கும் தமிழ் எழுத்து இந்தத் தேய்மானத்தைக் காட்டாது. அதனால்தான் மரக்கறியைக் குறிக்கும் சொல் 'வெஜி-டேபிள்' என்று மேசையோடு முடிகிறது.

எழுத்துக்கூட்டலின் பங்கைச் சொல்லாமல் விட முடியாது. தீவு என்ற பொருள்தரும் சொல்லில் ஒலிக்காத 'எஸ்' எழுத்து ஒன்று உண்டு. பழைய ஆங்கிலத்தில் அது இல்லை. இலத்தீன் மூலத்திலிருந்து வந்த சொல் என்று தவறாக எண்ணிய அறிஞர்கள் 16ஆம் நூற்றாண்டளவில் அதைப் புகுத்தினர். கடனைக் குறிக்கும் சொல்லின் ஒலிக்காத 'பி' எழுத்தும் அறிஞர்கள் புகுத்தியதே, அங்கே இலத்தீன் மூலம் உண்மையானது என்றாலும். புளியந்தீவு மாணவர் 'இஸ்லண்ட்' என்று வாசித்தால் பிழை அவருடையது மட்டுமல்ல.

எது சரியான ஒலிப்பு என்பதும் தீர்ந்த விடயம் அல்ல. தானியல் ஜோன்ஸ் 1917இல் வெளியிட்ட ஒலிப்பு அகராதி தென்னிங்கிலாந்தின் மேட்டுக்குடிப் பேச்சை அளவாகக் கொண்டது. இலங்கைக்கு அந்த அளவு இனியும் பொருந்துமா என்று கேட்டவர்கள் உண்டு. இலங்கை ஆங்கிலத்தை அதற்குரிய நெறிகள் உடைய ஒரு வகையாகக் கொண்டு மனிக் குணசேகர 2005இல் நூல் எழுதினார். மைக்கேல் மெய்லர் 2007இல் அதற்கு அகராதி தொகுத்தார். ஆனால் 'ஹோல்' என்ற மண்டபத்தையும் 'ஹோல்' என்ற துளையையும் ஒரே உயிரால் ஒலிப்பவரை ஏளனம் செய்யும் வழக்கம் இலங்கையில் இன்றும் இருக்கிறது. சிங்களத்தில் ஆங்கிலத்துக்கு வாள் என்று பொருள்படும் 'கடுவ' என்ற பட்டப்பெயர் ஏற்பட்டதை வைத்து 1984இல் மொழியியலாளர் திரு கந்தையா எழுதிய கட்டுரை இந்த அதிகாரத்தையே ஆராய்ந்தது. அந்த வாள் முதலில் வெட்டுவது உச்சரிப்பில்தான்.

4. பொருள் நிரல்

மூன்றாவது நிரலின் அடிப்படை எடுகோள், ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கும் ஒரு தமிழ்ச் சொல் உண்டு என்பது. வாவிக்கரையின் அன்றாட வாழ்வே இதைத் தகர்க்கிறது. வயலில் நிற்பது நெல், ஆலையிலிருந்து வருவது அரிசி, கோப்பையில் இடுவது சோறு. ஆங்கிலத்தின் 'றைஸ்' இம்மூன்றையும் தழுவும். நெல்லுக்குத் தனியே 'பெடி' என்ற சொல் உண்டு. மலாய் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த அது, இலங்கையின் ஆங்கிலப் பத்திரிகையிலும் அரசாங்க ஆவணங்களிலும் நாள்தோறும் புழங்குகிறது. அதனால் படுவான்கரை விவசாயியின் பிள்ளைக்கு அது அவசியச் சொல். ஆங்கில நாடுகளில் தொகுத்த தொடக்கநிலைப் பட்டியல்களில் அதைத் தேட வேண்டியதில்லை.

உறவுச்சொற்களில் சிக்கல் ஆழமானது. 'கசின்' என்பதற்குப் பட்டியல்கள் வழக்கமாகத் தரும் பொருள் ஒன்றுவிட்ட சகோதரர். தகப்பனின் சகோதரன் பிள்ளையும் தாயின் சகோதரி பிள்ளையும் அதற்குள் அடங்குவர். தாய்மாமன் பிள்ளையும் மாமியின் பிள்ளையும் மச்சான், மச்சாள். அவர்களைச் சகோதரர் என்று எந்த மட்டக்களப்பாரும் சொல்லமாட்டார். திருமணம் முடிக்கக்கூடிய முறை அது. தாய்வழிக் குடிமுறை வழங்கும் இப்பகுதியில் இந்த வேறுபாடு வீட்டின் அத்திவாரம். ஆங்கிலத்துக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஆக, 'கசின்' என்பதற்குக் கொப்பியில் எழுதப்பட்ட பொருள் சொல்லின் பாதியை, அதுவும் ஊருக்கு முக்கியமான பாதியை, வெளியே விட்டுவிடுகிறது. உச்சரிக்க எளிது, அடிக்கடி வரும், தொடக்கநிலைச் சொல் என்று தரமிடப்படும். உண்மையில் அது வகுப்பில் நின்று விளக்கவேண்டிய சொல்.

கலைச்சொற்களில் வேறுவகை இடர். ஆங்கிலக் கலைச்சொற்களுக்குத் தமிழாக்கம் செய்த பணியில் வாவிக்கரைக்கும் பங்குண்டு. காரைதீவில் 1892இல் பிறந்து, கல்முனையிலும் புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்து, இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியான விபுலாநந்த அடிகள், 1930களில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் கலைச்சொல்லாக்க முயற்சியில் முன்னின்றார். அதன் விளைவான 'கலைச்சொற்கள்' 1938இல் வெளிவந்தது. கடலின் இரு கரையும் ஒரே கலைச்சொல்லைப் பயன்படுத்தும் வாய்ப்பு அன்று இருந்தது. பின்னர் இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களம் தனியே சொற்றொகுதிகளை வெளியிட, வழிகள் பிரிந்தன.

பிரிவின் விளைவைப் பௌதிகவியலில் நேரடியாகக் காணலாம். 'ஸ்பீட்' என்பது இலங்கையில் கதி, தமிழ்நாட்டில் வேகம். 'வெலோசிற்றி' என்பது இலங்கையில் வேகம், தமிழ்நாட்டில் திசைவேகம். 'மாஸ்' இலங்கையில் திணிவு, தமிழ்நாட்டில் நிறை. 'வெயிற்' இலங்கையில் நிறை, தமிழ்நாட்டில் எடை. அதாவது வேகம் என்ற ஒரே தமிழ்ச்சொல் இரு வேறு ஆங்கிலச் சொற்களுக்கு ஈடாகிறது, நிறையும் அப்படியே. பௌதிகவியல் பாடத்தின் முதல் அத்தியாயமே மாணவருக்குக் கற்பிக்கும் வேறுபாடு இதுதான். தமிழ்நாட்டில் தொகுத்த ஆங்கில-தமிழ் அறிவியல் பட்டியலை உயர்தர மாணவர் நம்பினால் மொழியோடு விடயமும் பிழைத்துவிடும். ஒட்சிசனும் ஆக்சிஜனும் வெறும் எழுத்து வேறுபாடு. திணிவும் நிறையும் அப்படியல்ல.

இந்த இடத்தில் 'லகூன்' என்ற சொல்லையும் பார்க்கலாம். தமிழில் அதற்குக் களப்பு, வாவி, காயல், கடல்நீரேரி என்று நான்கு ஈடுகளாவது உண்டு. காயல் கேரளக் கரைக்கும் தென்தமிழ்நாட்டுக்கும் உரியது. களப்பு ஊர்ப்பெயரிலேயே இருக்கிறது. வாவி என்பது வடமொழியில் குளத்தையும் நடைகிணற்றையும் குறித்த சொல். பாடநூல் எந்தச் சொல்லைத் தந்தாலும் வாவியோரக் கல்லடிப் பிள்ளைக்குப் பொருள் உடனே விளங்கும், ஏனெனில் நீர் கண்முன்னால் கிடக்கிறது. ஆங்கிலப் பட்டியல்களில் இச்சொல் உயர்நிலைக்கு அருகே கிடக்கும் அருஞ்சொல்.

5. படிநிலை என்னும் அளவுகோல்

சொற்களுக்குத் தரமிடும் முயற்சி நூறாண்டு பழமையானது. அமெரிக்காவில் எட்வர்ட் தோண்டைக் 1921இல் 10,000 சொற்களை வழக்கெண்ணிக்கைப்படி வரிசையிட்டார். சி. கே. ஒக்டன் 1930இல் 850 சொற்களில் ஆங்கிலத்தை அடக்க முயன்றார். தென்னாசியாவுக்கு நெருக்கமானவர் மைக்கேல் வெஸ்ற். வங்காளத்தில் டாக்காவில் ஆசிரியப் பயிற்சியோடு தொடர்புடையவராக இருந்த அவர், மாணவருக்குக் கொடுக்கும் வாசிப்புநூல்களில் பக்கத்துக்குப் பக்கம் புதுச்சொல் குவிவதே தோல்விக்குக் காரணம் என்று கண்டார். 1935இல் அவரும் எண்டிகொட்டும் தொகுத்த அகராதி, 1,490 சொற்களை மட்டும் கொண்டு ஏறத்தாழ 24,000 பதிவுகளை விளக்கியது. 1953இல் வந்த அவருடைய பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியல் ஏறத்தாழ 2,000 சொற்களைத் தந்தது. இலங்கையிலும் இந்தியாவிலும் பிற்காலத்தில் எழுதப்பட்ட பாடநூல்களின் சொல்லெல்லைகளுக்குப் பின்னால் இந்த மரபு இருக்கிறது.

வழக்கெண்ணிக்கையை ஒதுக்கிவிட முடியாது. பொதுவான ஆங்கில எழுத்தில் ஐந்தில் நான்கு பங்கை முதல் 2,000 சொற்குடும்பங்களே, அதாவது ஒரே அடிச்சொல்லின் வடிவங்கள் சேர்ந்த தொகுதிகளே, நிரப்பிவிடும். ஆனால் உதவியின்றி வாசிக்க 98 வீதச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை என்று போல் நேஷன் 2006இல் கணித்தார். எதை முதலில் கற்பிப்பது என்ற கேள்விக்கு எண்ணிக்கை நல்ல விடை. எது கடினம் என்ற கேள்விக்கு அது விடையே அல்ல. இரண்டையும் ஒன்றாக்கியதே படிநிலைப் பட்டியல்களின் அடிப்படைப் பிழை. அடிக்கடி வரும் சொற்களே பல பொருளையும் சுமக்கின்றன. ஒக்ஸ்ஃபோர்ட் பேரகராதியின் திருத்தப் பணியில் 'றன்' என்ற வினைக்கு மட்டும் 645 பொருள்கள் பிரிக்கப்பட்டன. 'கெற்' என்ற மூன்றெழுத்துச் சொல் வாங்கல், பெறல், ஆதல், சேர்தல், விளங்கல் என்று விரிந்துகொண்டே போகும். முதலாண்டுப் பாடத்தில் வரும் அச்சொல் பல்கலைக்கழகத்திலும் தீர்ந்தபாடில்லை.

ஐரோப்பியப் பேரவை 2001இல் வெளியிட்ட பொதுச் சட்டகம் தரமிட்டது கற்பவரின் திறனுக்கு. சொற்களுக்குத் தரமிடும் பணி அதன்பின் கேம்பிரிட்ஜ் போன்ற நிறுவனங்களில் நடந்தது. அவையும் ஒரு சொல்லின் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே தரம் கொடுத்தன. கடைக் கையேட்டுக்கு வரும்போது இந்த நுணுக்கம் உதிர்ந்துபோய், சொல்லுக்கு ஒரு முத்திரை மட்டும் மிஞ்சுகிறது. சொல்லின் உள்ளியல்புகளைக் கொண்டு கடினத்தை விளக்க முயன்ற பற்றியா லௌஃபரின் ஆய்வுகள் இதைவிட நுணுக்கமானவை. உச்சரிக்கக் கூடியதா என்பதை அவர் முதற்காரணிகளுள் ஒன்றாக வைத்தார். அக்காரணியே கற்பவரின் தாய்மொழியைப் பொறுத்து மாறும் என்பதையும் ஏற்றார். வாவிக்கரையில் அது இன்னும் ஒரு படி போகிறது. ஒரே தாய்மொழிக்குள்ளேயே வட்டாரத்துக்கு வட்டாரம் அது மாறுகிறது.

6. வீட்டுக்குள் இருக்கும் ஆங்கிலம்

யப்பானியர் பேச்சில் கலந்துள்ள ஆங்கிலக் கடன்சொற்களை ஆராய்ந்த ஃபிராங்க் டோல்ற்றன், மிகுதியாக வழங்கும் 3,000 ஆங்கிலச் சொற்குடும்பங்களில் பாதியை நெருங்கும் அளவு யப்பானியருக்குக் கடன்சொல் வடிவில் முன்னரே தெரியும் என்று 2008இல் எழுதினார். அந்தச் சொற்களைக் கற்பவர் வெறுங்கையோடு வருவதில்லை. இந்தப் பார்வையைத் தமிழுக்குப் பொருத்தும்போது முதலில் எதிர்ப்படுவது, தமிழ்நாட்டாரும் ஈழத்தாரும் ஒரே கையிருப்போடு வரவில்லை என்ற உண்மை.

தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு பெஞ்ச், ஷூ, பிரெட், ஆபீஸ் என்பவை வீட்டுச் சொற்கள். ஆங்கில வகுப்பில் எழுத்துக்கூட்டலை மட்டும் கற்றால் போதும். மட்டக்களப்பில் அந்த நான்கு இடங்களிலும் வாங்கு, சப்பாத்து, பாண், கந்தோர் என்று போர்த்துக்கேயமும் ஒல்லாந்தும் முன்னரே வந்து குந்திவிட்டன. கந்தோர் மட்டும் முதியோர் பேச்சோடு ஒதுங்கிவருகிறது. பாண் இன்றும் பாண்தான். தமிழ்நாட்டுக் கையேடு அவை எளிய சொற்கள் என்று எண்ணிக் கடந்துபோகும் இடத்தில் மட்டக்களப்புப் பிள்ளை புதுச்சொல் கற்கிறது. எதிர்ப்புறமாகவும் இது நடக்கிறது. நீர் ஏற்றிவரும் பவுசரும் ரயிலுக்கு முதியோர் சொல்லும் கோச்சியும் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. தமிழ்நாட்டுப் பேச்சில் அவற்றுக்கு இடமில்லை.

கடன்சொல் எப்போதும் உதவும் என்பதும் இல்லை. கொப்பி என்பது ஆங்கிலத்தில் படி, நகல். மட்டக்களப்பில் அது எழுதும் பயிற்சிப் புத்தகம். ஆங்கிலத்தில் கட்டுரை எழுதும் மாணவர் தன் கொப்பியைத் தொலைத்ததாக எழுதினால் வாசிப்பவர் நகல் ஒன்று தொலைந்ததாகவே எடுத்துக்கொள்வார். தமிழ்நாட்டு மாணவருக்கு இதே இடத்தில் நோட்டு இடறும். ஆண் ஆசிரியரை 'சேர்' என்றும் பெண் ஆசிரியரை 'மிஸ்' என்றும் அழைத்துப் பழகியவர், ஆங்கிலத்தில் 'என் மிஸ்' என்று எழுதுவதும் இந்த வகைதான். தெரிந்த சொல் என்ற நம்பிக்கை அகராதியைத் திறக்கவிடாது. முற்றிலும் தெரியாத சொல்லைவிட இது ஆபத்தானது.

வாழ்க்கை கொண்டுவந்து சேர்த்த சொற்கள் இன்னொரு தொகுதி. 1978 நவம்பர் 23இல் சூறாவளி மட்டக்களப்பைச் சிதைத்தது. அதன்பின் வந்த யுத்த ஆண்டுகளில் பங்கர், ஷெல், சென்றி, றவுண்டப், காம்ப், பாஸ் என்பவை பாடசாலை போகாத முதியவருக்கும் தெரிந்த சொற்களாயின. 2004 டிசம்பர் 26க்குப் பின் சுனாமி என்ற யப்பானியச் சொல் ஒரே நாளில் எல்லார் வாயிலும் ஏறியது. கூடவே என்.ஜி.ஓ. மொழியும் கரையோரக் கிராமங்களுக்குள் வந்தது. புரொஜெக்ற், ட்ரெயினிங், வேர்க்‌ஷொப், பெனிஃபிஷரி என்று நீளும் அந்தத் தொகுதியில் பல சொற்கள் எந்தப் படிநிலைப் பட்டியலிலும் இடைநிலைக்குக் கீழே வராதவை. உதவிபெற வரிசையில் நின்ற ஒரு தலைமுறை அவற்றை ஆசிரியர் இன்றியே கற்றது.

இதற்கு நேரெதிரான நிலை வந்தாறுமூலையில் காணக்கிடைக்கும். 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் முழுப் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்துக்குள் நுழையும் மாணவரில் பெரும்பாலோர் உயர்தரத்தைத் தமிழில் முடித்தவர்கள். விரிவுரையோ ஆங்கிலத்தில். ஆர்முடுகலை நன்கு அறிந்தவருக்கு 'எக்சலரேஷன்' என்ற நீண்ட சொல்லின் பொருளைக் கற்க அரைநிமிடம் போதும். வரைவிலக்கணம் முன்னரே மனதில் இருக்கிறது, பெயர் மட்டும் புதிது. அதே விரிவுரையில் இடையிடையே வரும் 'ஹென்ஸ்', 'அன்லெஸ்', 'றாதர்' போன்ற இணைப்புச் சொற்களே வாதத்தின் திசையைத் தீர்மானிக்கின்றன. 'ஹென்ஸ்' என்பதற்கு ஆகவே உண்டு, மற்ற இரண்டுக்கும் தமிழில் நேரான தனிச்சொல் இல்லை. -ஆலன்றி, -ஐவிட என்று வினையோடும் வேற்றுமை உருபோடும் ஒட்டிவரும் விகுதிகளே உண்டு. தனிச்சொல்லுக்குத் தனிச்சொல் தேடும் மூன்றாவது நிரல் இங்கே வெறுமையாகவோ பிழையாகவோ நிற்கிறது.

இவ்வகை வேறுபாடுகளைக் கணக்கில் எடுக்கும் பட்டியல் ஒன்று அமைவதானால் ஒரு சொல்லுக்கு ஒரே தரம் போதாது. ஒலிப்புக்கு ஒன்று, பொருளுக்கு ஒன்று, வாக்கியத்தில் கையாள்வதற்கு ஒன்று என மூன்று தேவைப்படும். அப்படிப் பிரித்தால் வாவிக்கரை மாணவருக்கு 'பங்கர்' பொருளில் தொடக்கநிலை, கையாளுகையில் இடைநிலை. 'எக்சலரேஷன்' ஒலிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் உயர்நிலை, விஞ்ஞான மாணவருக்குப் பொருளில் தொடக்கநிலை. 'கசின்' ஒலிப்பில் எளிது, பொருளில் இடைநிலைக்கு மேல். 'ஆஸ்க்' என்பதன் நிகழ்கால வடிவம் எளிது. இறந்தகால வடிவம் ஒலிப்பில் கடினம், ஆகவே எழுத்திலும் கடினம். 'கெற்' ஒலிப்பில் எல்லாவற்றிலும் எளிது. இரட்டை றகரம் பழகிய நாவுக்கு அதில் கற்க வேண்டியது இறுதி மெய்யை உயிரின்றி நிறுத்துவது மட்டுமே. பொருளிலும் கையாளுகையிலும் அது பட்டியலின் கடைசிப் பக்கத்துக்குப் போகும்.